அசாந்தே அரசைத் தாங்கி நின்றது எது: தங்க இருக்கையா, படைபலமா?

நெடுங்கரை எழுதியது:

மேற்கு ஆப்பிரிக்க அரசுகளைப் பற்றித் தமிழில் பேச்சு வந்தால் பெரும்பாலும் மாலியின் மன்சா மூசாவோடும் அவருடைய மெக்கா பயணத்தோடும் அது நின்றுவிடுகிறது. அதற்கு வெகு தெற்கே, இன்றைய கானா நாட்டின் காட்டுப் பகுதியில் எழுந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தன்னாட்சியோடு நடந்த அசாந்தே அரசு அதே அளவு கவனத்துக்கு உரியது. அதன் வரலாற்றில் என்னை நீண்ட காலமாக ஈர்த்துவரும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னர் அசாந்தேயின் தலைநகரான குமாசியைச் சுற்றியிருந்த அக்கான் மக்களின் சிறு தலைமைகள் டென்சிரா என்ற அரசுக்குத் திறை செலுத்திவந்தன. அவற்றை ஒன்றுசேர்த்தவர் ஓசெய் டூட்டு. அவருக்குத் துணை நின்றவர் ஓக்கொம்ஃபோ அனோச்சே என்ற பூசகர். 1701இல் ஃபெயியாசே என்ற இடத்தில் நடந்த போரில் டென்சிரா அரசர் இன்டிம் ஜக்காரி கொல்லப்பட்டார், அசாந்தே தனியரசாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை நாளில் அனோச்சே வானத்திலிருந்து ஒரு தங்க இருக்கையை வரவழைத்தார் என்றும், அது ஓசெய் டூட்டுவின் மடியில் மெல்ல இறங்கியது என்றும், அசாந்தே மக்கள் அனைவரின் உயிராற்றலும் அதில் உறைகிறது என்றும் மரபு கூறுகிறது. அந்த இருக்கையில் அரசர் உட்காருவதில்லை. பட்டமேற்கும்போது அவரை அதன் மேல் தாழ்த்தி, தொட்டும் தொடாமலும் உயர்த்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் அரசியல் பொருள் மிகப் பெரியது என்பது என் கருத்து. அரசுரிமையை ஓர் ஆளின் உடலிலிருந்து பிரித்து, எல்லாத் தலைவர்களுக்கும் பொதுவான ஒரு பொருளில் அசாந்தேயர் வைத்துவிட்டார்கள். 1717இல் அச்சிம் நாட்டின் மீது படையெடுத்துச் சென்ற ஓசெய் டூட்டு அந்தப் போரிலேயே மாண்டார். நிறுவிய அரசர் களத்தில் விழுந்தால் புதிய அரசு சிதறிவிடுவதே வழக்கம். இங்கே அவருக்குப் பின் வந்த ஓப்போக்கு வாரே 1750 வரை ஆண்டு, அரசின் எல்லையை வடக்கே புல்வெளி நாடுகள் வரை கொண்டுசென்றார். பிற்காலத்தில் அரசர்களே பதவியிலிருந்து இறக்கப்பட்டார்கள், ஓர் அரசர் இருபத்தெட்டு ஆண்டுகள் நாடு கடத்தப்பட்டிருந்தார்; ஆனாலும் அசாந்தே என்ற அமைப்பு அழியவில்லை. இதற்கு முதல் காரணம் அந்த இருக்கையே என்று கருதுகிறேன். நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

உப்பளம் எழுதியது:

நெடுங்கரை அவர்களே, நீங்கள் சொல்லும் தத்துவத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசின் வரவு எங்கிருந்து வந்தது என்பதைப் பேசாமல் அதன் நிலைபேற்றைப் பேச முடியாது.

ஃபெயியாசே வெற்றியால் அசாந்தேயருக்குத் தங்க வயல்களும் கிடைத்தன, கடற்கரைக்கான வழியும் திறந்தது. எல்மினா கோட்டை தொடர்பாக டச்சுக்காரர்கள் டென்சிரா அரசருக்குக் கொடுத்துவந்த பணத்துக்கான சீட்டும் வென்றவர் கைக்கு மாறியது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கரையில் அசாந்தேயர் விற்ற முதன்மைச் சரக்குகளில் ஒன்று மனிதர்களே. வென்ற நாடுகளில் பிடிபட்டவர்கள், கடனுக்காகப் பிணை வைக்கப்பட்டவர்கள், தண்டனை பெற்றவர்கள் எனப் பலரும் அந்தக் கோட்டைகளின் நிலவறைகள் வழியாகக் கப்பலேற்றப்பட்டார்கள். வடக்கே தகோம்பா, கொன்ஜா ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் செலுத்திய திறையில் ஆட்களும் அடங்குவர். மாற்றாக வந்த துப்பாக்கியும் வெடிமருந்தும் அடுத்த போருக்குப் பயன்பட்டன.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஐரோப்பியக் கம்பெனிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்த பண்டங்களில் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. கினித் துணி என்ற பெயரில் அவை விற்ற பருத்தித் துணியில் ஒரு கணிசமான பகுதி சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்யப்பட்டது. நம் நெசவாளர்களுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் அந்தத் துணிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவர்கள் மனிதர்கள் என்பது வரலாறு.

1807இல் பிரிட்டன் அடிமை வாணிகத்தைத் தடை செய்தபோது குமாசி அரசவைக்கு அது விளங்கவேயில்லை. 1820இல் அங்கே தூதராகச் சென்ற டுப்வீயிடம் அரசர் ஓசெய் போன்சு, தாம் ஆள் பிடிப்பதற்காகப் போர் தொடுப்பவர் அல்லர் என்று வலியுறுத்தியதோடு, முன்பு நல்லதாக இருந்த வாணிகம் இப்போது எப்படித் தீயதாயிற்று என்றும் கேட்டார். ஆகவே இருக்கை அசாந்தேயரை ஒன்றுசேர்த்தது என்றால், யாரை வெளியே நிறுத்தி ஒன்றுசேர்த்தது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

தராசுமுள் எழுதியது:

இருவரும் சொல்வதற்கு நடுவே அன்றாட நிருவாகம் ஒன்று இருந்தது. அதைப் பார்க்காவிட்டால் இந்த அரசு நம்பிக்கையால் மட்டுமே நின்றது போலவோ, வாளால் மட்டுமே நின்றது போலவோ தோன்றிவிடும்.

அசாந்தேயின் பணம் தங்கத் தூள். சந்தையில் ஒரு கொடுக்கல் வாங்கல் எப்படி நடந்தது என்று பாருங்கள். வணிகர் தம்முடைய மூட்டையை அவிழ்ப்பார். அதில் சிறு பித்தளைத் தராசு, தூளை அள்ளும் மெல்லிய கரண்டி, மூடி போட்ட சிறு டப்பிகள், தூளிலிருந்து தூசியை ஊதி நீக்குவதற்கான தட்டு, எடைக்கற்கள் எல்லாம் இருக்கும். ஒருவர் தம் கற்களால் நிறுத்துக் கொடுத்ததை மற்றவர் தம் கற்களால் மீண்டும் நிறுத்துப் பார்ப்பார். எடைக்கற்கள் என்று சொன்னாலும் அவை கற்கள் அல்ல, பித்தளை வார்ப்புகள். தேன்மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் களிமண் பூசிக் காய வைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய பித்தளையை ஊற்றினார்கள். பழைய எடைகள் பெரும்பாலும் கோடும் கட்டமுமான வடிவங்கள். பின்னர் பறவை, முதலை, முள்ளம்பன்றி, கேடயம், மனித உருவம் என எல்லாம் வந்தன. நிலக்கடலையையோ வண்டையோ அப்படியே களிமண்ணில் பொதிந்து எரித்து, அதன் இடத்தில் பித்தளை ஊற்றிய வார்ப்புகளும் உண்டு. கடலைத் தோலின் வரிகள் கூட அவற்றில் அப்படியே பதிந்திருக்கும். பல எடைகள் ஒரு பழமொழியை நினைவூட்டும் உருவங்கள்.

இதில் அரசின் கை எங்கே என்றால், எல்லா இடத்திலும்தான். 1817இல் குமாசிக்கு வந்த பிரிட்டிஷ் தூதர் பௌடிச், அரசருடைய எடைகள் மற்றவர்களுடையதை விட மூன்றில் ஒரு பங்கு கனமானவை என்று எழுதியிருக்கிறார். வரவுக்கும் செலவுக்கும் இடையிலான அந்த வேறுபாடு அரண்மனைப் பணியாளர்களின் வருவாயாக அமைந்தது. சந்தை மண்ணில் சிந்திய தூள் அரசருக்கு உரியது, அதை வேறு யாரும் அரித்து எடுக்கக் கூடாது. பௌடிச் வந்த காலத்தில் கருவூலத்தின் பொறுப்பில் இருந்தவர் ஓப்போக்கு ஃப்ரெஃப்ரே. பிறப்பால் அன்றிப் பணியால் உயர்ந்தவர்.

இந்த இடத்தில் ஓசெய் க்வாஜோவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1764 முதல் 1777 வரை ஆண்ட இவர் காலத்திலிருந்து, பரம்பரைத் தலைவர்களின் கையில் இருந்த பல பொறுப்புகள் அரசரால் அமர்த்தப்படும் அலுவலர்களுக்கு மாறின. கருவூலம், தூது, சாலைக் காவல், திறை வசூல் எல்லாவற்றுக்கும் ஆட்கள் இருந்தார்கள். குமாசியிலிருந்து நாற்புறமும் பெருவழிகள் சென்றன. அவற்றில் காவலர்கள் நின்று வணிகரைக் கண்காணித்தார்கள். வடக்கிலிருந்து வந்து குமாசியில் குடியிருந்த முஸ்லிம் அறிஞர்கள் அரபு எழுத்தில் பதிவுகள் எழுதினார்கள். சொந்த எழுத்து இல்லாத ஒரு பேரரசு இவ்வளவு நுணுக்கமான கணக்கை வைத்திருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நெடுங்கரை எழுதியது:

உப்பளம் அவர்கள் கேட்ட கேள்வி முற்றிலும் நியாயமானது. உள்ளே யார், வெளியே யார் என்பதற்கு அசாந்தேயர் வைத்திருந்த ஒரு விதியை இங்கே சேர்க்க விரும்புகிறேன். ஒருவருடைய பூர்வீகத்தை இன்னொருவர் வெளியில் சொல்லக் கூடாது என்பது ஓசெய் டூட்டு காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் சட்டம். போரில் பிடித்து வரப்பட்டவரும், அடைக்கலம் தேடி வந்தவரும், அடிமையாக வாங்கப்பட்டவரும் ஒரு குடும்பத்துக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டால், அவர்களுடைய பேரப்பிள்ளைகளை யாரும் பழைய பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்த முடியாது. கடற்கரைக்கு விற்கப்பட்டவர்களுக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாட்டுக்குள் தங்கியவர்களைப் பொறுத்தவரை, மிகப் பலதரப்பட்ட மக்களை ஒரு தேசமாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

உப்பளம் எழுதியது:

அந்த விதி மெய்யானதுதான், ஆனால் அது ஒரு திரையாகவும் பயன்பட்டது. 1807க்குப் பிறகு கடல் வழி அடைபட்டதும் கைதிகள் உள்நாட்டிலேயே தங்கச் சுரங்கங்களிலும், தோட்டங்களிலும், வடக்கே சலாகா சந்தைக்குக் கோலா கொட்டை சுமப்பதிலும் ஈடுபடுத்தப்பட்டார்கள். கோலா வாணிகம் அசாந்தேயைக் காப்பாற்றியது என்று எழுதும்போது அதைத் தலையில் சுமந்தவர்கள் யார் என்பதையும் எழுத வேண்டும். பூர்வீகத்தைப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் அந்தச் சுமந்தவர்களின் நினைவும் சேர்ந்தே மறைந்துவிட்டது. பெரிய மனிதர்களின் சாவுச் சடங்குகளில் கொல்லப்பட்டவர்களைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. ஐரோப்பியர் அதைப் பெரிதுபடுத்தினார்கள் என்பதும், கொல்லப்பட்டவர்களில் பலர் மரண தண்டனை பெற்றுக் காத்திருந்த குற்றவாளிகள் என்பதும் உண்மை. அந்த வழக்கம் இருந்தது என்பதும் உண்மையே.

மூங்கில்வனம் எழுதியது:

இதுவரையிலான பேச்சில் பெண்கள் வரவேயில்லை. அசாந்தே அரசியலில் அவர்களை விட்டுவிட்டால் எதுவும் விளங்காது.

அசாந்தேயர் தாய்வழிச் சமூகத்தினர். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். அரச குலம் ஓயோக்கோ. ஆகவே அரசரின் மகன் தந்தையின் பட்டத்துக்கு உரியவன் அல்லன். தாய் ஒருவராக உள்ள சகோதரனுக்கோ, சகோதரியின் மகனுக்கோதான் உரிமை. தகுதியுள்ளவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் தேர்வு என்பது எப்போதும் இருக்கும். அந்தத் தேர்வில் பெயரை முன்மொழிபவர் அசாந்தேஹெமா என்னும் அரசமாதா. அவர் அரசரைப் பெற்ற தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சகோதரியாகவோ சிற்றன்னையாகவோ இருக்கலாம். அவருக்குத் தனி இருக்கையும் தனி அவையும் உண்டு. முன்மொழிந்த பெயரைத் தலைவர்களின் அவை ஏற்க வேண்டும். மறுத்தால் வேறு பெயரை அவர் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊர்த் தலைமையிலும் இதே அமைப்பு சிறிய அளவில் இருந்தது.

தேர்ந்தெடுக்க உரிமை உள்ளவர்களுக்கு இறக்கவும் உரிமை இருந்தது. இறக்கப்படும் தலைவரின் காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிடுவார்கள். வெறுங்கால் மண்ணில் படுவது தலைவருக்கு விலக்கு என்பதால் அதுவே தீர்ப்பாகிவிடும். 1803இல் ஓசெய் க்வாமே இவ்வாறு பதவியிழந்தார். அவருக்கு இஸ்லாத்தின் மீதிருந்த பற்று அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1874இல் கோஃபி கரிகரி நீக்கப்பட்டார். முன்னோர் துயிலும் பன்டாமா மாளிகையிலிருந்து தங்கத்தை எடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அப்போது அரசமாதாவாக இருந்தவர் அவரைப் பெற்ற தாய் அஃபுவா கோபி. அடுத்துப் பட்டமேற்ற மென்சா போன்சுவும் அவருடைய மகனே. அவரும் 1883இல் இறக்கப்பட்டார்.

அரசர் இருக்கையின் காவலர், உரிமையாளர் அல்லர் என்ற நெடுங்கரையின் கருத்து எனக்கு உடன்பாடே. ஆனால் அதை நடைமுறையில் காட்டியவை அவையும் அரசமாதாவும். இருக்கை தானாக யாரையும் இறக்கவில்லை.

உப்பளம் எழுதியது:

மூங்கில்வனம் அவர்கள் குறிப்பிட்ட 1874ஐ இன்னும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நெடுங்கரையின் கருத்துக்கு மெய்யான சோதனை அங்கேதான் இருக்கிறது.

1806-07இல் தப்பியோடிய அசின் தலைவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக அசாந்தே படை ஃபான்டே நாட்டுக்குள் இறங்கி அனோமாபு வரை சென்றது. 1824 சனவரியில் இன்சமான்கோவில் பிரிட்டிஷ் ஆளுநர் சார்லஸ் மெக்கார்த்தி கொல்லப்பட்டார். 1826இல் கட்டமான்சோவில் அசாந்தேயர் தோற்றார்கள், 1831 உடன்படிக்கைக்குப் பிறகு பிரா ஆறு எல்லையாயிற்று. இந்த ஏற்ற இறக்கங்களை எல்லாம் அரசு தாங்கிக்கொண்டது. ஆனால் 1872இல் டச்சுக்காரர்கள் எல்மினா உள்ளிட்ட தங்கள் கோட்டைகளைப் பிரிட்டனுக்குக் கொடுத்தபோது கடலுக்கான கடைசி நட்பு வாசலும் மூடியது. அசாந்தே படை பிராவைக் கடந்தது. வுல்ஸ்லி தலைமையிலான பிரிட்டிஷ் படை 1874 பிப்ரவரியில் குமாசிக்குள் நுழைந்து, அரண்மனையைச் சூறையாடி, ஓசெய் போன்சு 1822இல் கட்டிய கல் மாளிகையை வெடி வைத்துத் தகர்த்து, நகரை எரித்துவிட்டுத் திரும்பியது. ஃபோமெனா உடன்படிக்கையில் கேட்கப்பட்ட தண்டம் 50,000 அவுன்சு தங்கம். அதோடு டென்சிரா, அசின், அச்சிம், அடான்சி ஆகிய நாடுகளின் மீதான உரிமையைக் கைவிட வேண்டும் என்றும், குமாசியிலிருந்து பிரா வரை 15 அடி அகலச் சாலையைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது.

பிறகு என்ன நடந்தது? வடக்கே சலாகாவில் அசாந்தே அலுவலர்கள் கொல்லப்பட்டார்கள். திறை நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவை கழன்றது இயல்பு, ஏனென்றால் அவற்றைக் கட்டியிருந்தது அச்சம். ஆனால் ஃபெயியாசேயில் ஓசெய் டூட்டுவோடு நின்ற ஜுவாபென் என்ற தலைமையும் பிரிந்தது. 1875இல் குமாசி அதை அடக்கியபோது ஜுவாபென் மக்களில் பலர் தெற்கே சென்று கோஃபோரிடுவாவில் குடியேறினார்கள். 1883 முதல் 1888 வரை உள்நாட்டுப் போர். அதன் முடிவில் அரசரான பிரெம்பே பட்டமேற்பதற்கு எதிராக நின்றவர்களில் முதன்மையானது கொகோஃபு. அதுவும் ஓயோக்கோ குலத்தின் தலைமையே. இருக்கை எல்லோரையும் சேர்த்துப் பிடித்தது என்றால் இந்தப் பிளவு ஏன் வந்தது?

நெடுங்கரை எழுதியது:

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். கொகோஃபுக்காரர்கள் எதற்காகப் போரிட்டார்கள் என்று பாருங்கள். தங்களுடைய வேட்பாளர் அச்செரெபோவானா குமாசியில் பட்டமேற்க வேண்டும் என்பதற்காக. தனி நாடு கேட்டோ, புதிதாக ஓர் இருக்கை செய்துகொண்டோ அவர்கள் போரிடவில்லை. அப்படிச் செய்வது எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்பட்டது என்பதற்கு ஜாமான் அரசர் அடிங்க்ராவின் முடிவு சான்று. அவர் தமக்கென்று ஒரு தங்க இருக்கை செய்துகொண்டதற்காக 1818இல் ஓசெய் போன்சு படையெடுத்தார், அடிங்க்ரா அந்தப் போரில் மாண்டார். உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் ஒரே இருக்கைக்காகத்தான் நின்றன. உயிரைக் கொடுத்துப் போரிட்ட போதும் அவர்களுக்குள் கருத்து வேறுபடாத ஒன்று இருந்தது.

ஜுவாபென் வேறு. அதற்கு என் கருத்தில் முழு விடை இல்லை. குமாசியின் அலுவலர் ஆட்சி வளர வளர, தங்களைச் சமமானவர்களாகக் கருதிய பழைய தலைமைகளின் இடம் சுருங்கியது. தராசுமுள் அவர்கள் போற்றிய அந்த நிருவாகமே அவர்களைப் புண்படுத்தியது என்று நினைக்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

1896ஐயும் 1900ஐயும் சேர்த்துப் பார்த்தால் இந்த விவாதம் தெளிவாகும்.

1888இல் பட்டமேற்ற பிரெம்பே சிதறிய நாட்டை மீண்டும் கட்டிவந்தார். பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்க மறுத்தார், 1895இல் லண்டனுக்கே தூதுக்குழு அனுப்பினார். அரசாங்கம் அவர்களை ஏற்கவில்லை. 1896 சனவரியில் படை குமாசிக்கு வந்தது. பிரெம்பே போரிட வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆளுநர் மேக்ஸ்வெல்லும் படை அதிகாரிகளும் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிச் செய்த இருக்கைகளில் அமர்ந்திருக்க, அசாந்தேஹெனே எனப்படும் அசாந்தே அரசர் பிரெம்பேயும் அவருடைய தாயும் அரசமாதாவுமான யா அச்சியாவும் எல்லோர் முன்னிலையிலும் கீழே விழுந்து அவர்களுடைய காலைப் பிடிக்க வைக்கப்பட்டார்கள். 1874ஆம் ஆண்டுத் தண்டத்தின் நிலுவையை உடனே கட்டு என்றார்கள். சிறு பகுதியைத் தருகிறேன் என்றவரைக் கைது செய்து முதலில் எல்மினாவுக்கும், பிறகு சியரா லியோனுக்கும், 1900இல் சீஷெல்ஸ் தீவுக்கும் கொண்டுபோனார்கள். யா அச்சியா அந்தத் தீவிலேயே இறந்தார்.

அரசரைப் பிடித்தாயிற்று, அரசு முடிந்தது என்று பிரிட்டிஷார் நினைத்தார்கள். முடியவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்ததால்தான் 1900 மார்ச் 28 அன்று ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசியில் தலைவர்களைக் கூட்டி, பிரெம்பே திரும்பி வரமாட்டார் என்று அறிவித்ததோடு, தங்க இருக்கையை ஏன் தமக்குக் கொண்டுவந்து தரவில்லை என்றும், தாம் ஏன் அதில் அமர்ந்திருக்கவில்லை என்றும் கேட்டார். எந்த அசாந்தே அரசரும் அமராத இருக்கை அது. கூட்டம் அமைதியாகக் கலைந்தது, சில நாட்களில் கோட்டை முற்றுகையிடப்பட்டது.

போருக்குத் தலைமை ஏற்றவர் எஜிசுவின் அரசமாதா யா அசாந்தேவா. அவ்வூர்த் தலைவரும் பிரெம்பேயோடு கடத்தப்பட்டிருந்ததால் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் இருந்தது. பேச்சில் தயங்கிய ஆண் தலைவர்களை அவர் கடிந்துகொண்ட செய்தி அசாந்தே நாட்டில் இன்றும் எல்லோரும் சொல்லும் ஒன்று. ஹாட்ஜ்சன் சூனில் முற்றுகையை உடைத்துக்கொண்டு கரைக்குத் தப்பினார். சூலையில் மீட்புப் படை வந்தது. யா அசாந்தேவா 1901இல் பிடிபட்டுச் சீஷெல்ஸுக்கு அனுப்பப்பட்டு, 1921இல் அங்கேயே மறைந்தார். 1902 சனவரி 1 முதல் அசாந்தே பிரிட்டிஷ் உடைமை என்று அறிவிக்கப்பட்டது. எத்தனை வீடுகளை இடித்தும், எத்தனை பேரை விசாரித்தும் இருக்கை மட்டும் கிடைக்கவில்லை.

உப்பளம் அவர்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: 1900இல் எல்லாத் தலைமைகளும் சேரவில்லை. பெக்வாய், ஜுவாபென், மாம்போங் ஆகியவை பிரிட்டிஷ் பக்கம் நின்றன. ஆனால் அவர்களும் இருக்கையைக் காட்டிக் கொடுத்துவிடவில்லை.

ஏரிக்கரை எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். ஒரு சிறு ஐயம். யாரும் அமராத இருக்கை என்றால் அதை எப்படி வைப்பார்கள்? பிற்காலத்தில் அது வெளியே வந்ததா?

மூங்கில்வனம் எழுதியது:

மரத்தில் செதுக்கித் தங்கம் பூசிய, ஒன்றரை அடி உயரமுள்ள இருக்கை அது. மணிகள் கட்டியிருக்கும். பெருவிழாக்களில் அதற்கென்று தனிக் குடை பிடித்துத் தூக்கி வருவார்கள். வெறும் தரையில் வைக்க மாட்டார்கள், அதற்கென்றே உள்ள ஓர் ஆசனத்தில் பக்கவாட்டில் சாய்த்து வைப்பார்கள்.

ஒளித்து வைத்த இடத்தில் 1920-21இல் சாலை போட்ட தொழிலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சிலர் அதிலிருந்த தங்க அணிகளைக் கழற்றி விற்றுவிட்டார்கள். செய்தி பரவியதும் நாடே துக்கம் காத்தது. அவர்களுக்குத் தலைவர்களின் மன்றம் மரண தண்டனை விதித்தது, காலனி அரசு அதை நாடு கடத்தலாகக் குறைத்தது. அப்போது அரசின் மானுடவியலாளராக இருந்த ராட்ரே இருக்கையின் பொருளை விளக்கி எழுதியதும், இனி அதற்கு உரிமை கோரப்போவதில்லை என்று அரசு உறுதி கூறியதும் அடுத்த ஆண்டுகளின் மாற்றத்துக்கு வழி வகுத்தன. 1924இல் பிரெம்பே திரும்பினார், 1926இல் குமாசிக்கு மட்டும் தலைவர் என்று ஏற்கப்பட்டார், 1931இல் மறைந்தார். 1935இல் இரண்டாம் பிரெம்பேயை அசாந்தேஹெனே என்று அறிவித்து, பழைய தலைமைகளின் கூட்டமைப்பைப் பிரிட்டிஷாரே மீட்டுக் கொடுத்தார்கள். நாடு கடத்தப்பட்ட காலத்தில் முதல் பிரெம்பே சும்மா இருக்கவில்லை. 1907இல் சீஷெல்ஸில் இருந்தபடியே தம் அரச மரபின் வரலாற்றை எழுத வைத்தார்; அதில் பெரும்பங்கு யா அச்சியா சொன்ன செய்திகள்.

உப்பளம் எழுதியது:

1935ஐப் பற்றி ஒரு சொல். காலனி ஆட்சி தனக்குச் செலவு குறைய வேண்டும் என்பதற்காக உள்ளூர்த் தலைவர்கள் வழியே ஆளும் முறையை எல்லா இடத்திலும் விரும்பியது. அசாந்தே மீட்கப்பட்டதில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தலைவர்களின் கூட்டத்தில் ஏற்கப்படாத ஓர் அரசரை வெள்ளையர் நியமித்திருந்தால் அது நின்றிருக்காது. காலனி ஆட்சியே புதிதாக உண்டாக்கிய தலைமைகள் பல இடங்களில் விடுதலைக்குப் பிறகு மங்கிவிட்டன. கானா 1957இல் விடுதலை பெற்ற பிறகும், குமாசியின் மன்ஹியா அரண்மனையில் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை வரும் ஞாயிற்றுக்கிழமை அக்வாசிடே விழாவில் கூட்டம் கூடுகிறது.

நெடுங்கரை எழுதியது:

அந்த மன்ஹியாவுக்கு 2024இல் வந்து சேர்ந்தவற்றையும் இங்கே பதிய வேண்டும். 1874இல் குமாசி எரிந்து 150 ஆண்டுகள் நிறைந்த பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலஸின் ஃபௌலர் அருங்காட்சியகம் ஏழு பொருட்களை நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் சேர்ந்து 32 பொருட்களை அனுப்பின. ஆனால் அவை மூன்று ஆண்டுக் கடன். தங்கள் சேகரிப்பில் உள்ளதை நிலையாகக் கொடுத்துவிடச் சட்டம் இடம் தருவதில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். சூறையாடியதைச் சூறையாடப்பட்டவர்களுக்கே கடனாகக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் ஒப்பந்தம் யாரோடு செய்யப்பட்டது என்பதைக் கவனியுங்கள்: கானா அரசாங்கத்தோடு அல்ல, 1999 முதல் பட்டத்தில் இருக்கும் அசாந்தேஹெனே இரண்டாம் ஓசெய் டூட்டுவோடு.

தராசுமுள் எழுதியது:

அந்த 32 பொருட்களையும் ஒரே வகையாகப் பேசக் கூடாது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். பதவி உறுதிமொழி ஏற்கப் பயன்பட்ட அரசு வாள் அவற்றில் உண்டு. அரசரின் ஆன்மாவைத் தூய்மை செய்யும் பணியில் இருந்தவர்கள் மார்பில் அணிந்த தங்க வட்டுகளும் உண்டு. பௌடிச்சுக்கு 1817இல் குமாசியில் கொடுக்கப்பட்ட தங்க யாழும் அவற்றோடு சென்றது. அதை யாரும் கொள்ளையடிக்கவில்லை. தம்முடைய நாட்டின் செல்வத்தையும் திறனையும் காட்டும்படி அசாந்தேஹெனே மனமுவந்து கொடுத்து, அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொன்ன பரிசு அது. பரிசும் கொள்ளையும் ஒரே கடன் பட்டியலில் இடம்பெற்றதைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். யாழைக் கடன் என்று சொன்னால் ஏற்கலாம். 1874ஆம் ஆண்டுத் தண்டத்தோடும் தீயோடும் போன வாளுக்கும் வட்டுகளுக்கும் அந்தச் சொல் பொருந்தாது.

உப்பளம் எழுதியது:

இதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன், தராசுமுள் அவர்களே. ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்து யாராவது எழுதும்போது ஜாமான், தகோம்பா, டென்சிரா பக்கத்திலிருந்து இதே இருநூறு ஆண்டுகளைத் தனியாக எழுத வேண்டும். வென்றவர்களின் பறை மொழியும் அவை மரபும் குமாசியின் கதையைக் காத்துவந்தது போலவே, தகோம்பாவில் லுன்சி எனப்படும் பறை கொட்டும் மரபினர் தங்கள் அரசர்களின் வரிசையைப் பாடிக் காத்திருக்கிறார்கள். அசாந்தேக்கு ஆள் கொடுத்த ஆண்டுகள் அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகின்றன என்று பார்த்த பிறகே இருக்கையைப் பற்றி இன்னும் பேசலாம்.